எலும்பு பொருந்திய பின்னும் மூட்டு ஏன் வலிக்கிறது?

ஷெல் வீச்சில் முறிந்த கால் எலும்பு அப்போதே பொருந்திவிட்டது. முழங்கால் வலியோ பல ஆண்டுகள் கழித்தே தொடங்கியது. இப்படிச் சொல்பவர்கள் எம்மிடையே பலர். எலும்பும் கசியிழையமும் காயத்திலிருந்து மீளும் விதம் வேறுபடுவதே இதற்குக் காரணம்.

எலும்பு உயிருள்ள இழையம். அதற்குக் கடினத்தைக் கல்சியம் பொஸ்பேற்றும், எளிதில் உடையாத தன்மையைக் கொலாஜன் நார்களும் தருகின்றன. அங்கு ஒரு வகைக் கலங்கள் புதிய எலும்பை உருவாக்குகின்றன. இன்னொரு வகை பழையதைக் கரைக்கிறது. மூன்றாவது வகை எலும்பினுள் சிறு குழிகளில் இருந்தபடி இவ்விரண்டையும் நெறிப்படுத்துகிறது. எலும்புக்குள் குருதி ஓடுவதால் திருத்த வேலை உடனே தொடங்கிவிடும். சாதாரண முறிவுகள் பல 6 முதல் 12 வாரங்களில் பொருந்திவிடுகின்றன.

மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் கசியிழையம் சில மில்லிமீற்றர் தடிப்பே கொண்டது. அதில் குருதிக்கலன்களும் நரம்புகளும் இல்லை, கலங்களும் குறைவு. அதனால் அது தேயத் தொடங்கும்போது வலி தெரிவதில்லை. தேய்ந்த பகுதி பழையபடி வளர்வதும் இல்லை.

மூட்டுத் திரவமே அதற்கு உணவு. நடக்கும்போது பஞ்சுபோல அமுங்கி விரிந்து அதைப் பெறுகிறது. எனவே வலிக்குப் பயந்து முற்றாக முடங்குவதும் கேடுதான். செயற்கைக்கால் பாவிப்போரின் மற்றைய முழங்காலில் சுமை கூடுகிறது. கால் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும், உடல் நிறையைக் கட்டுப்படுத்துவதும், தொடைத் தசையை வலுவாக்குவதும் மூட்டைக் காக்கும். உங்களுக்கு ஏற்ற பயிற்சியை இயன்மருத்துவரிடம் கேளுங்கள்.