உஷார்! சி டிரைவ் நிரம்பினால் டிசைன் காலி!

விடிந்தால் கல்யாணம். ஃபிளெக்ஸ் பேனர் பிரிண்டுக்குப் போயாக வேண்டும். சேவ் கொடுக்கிற நேரத்தில், 'ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது' என்று போட்டோஷாப் கையை விரித்தால்? பல சமயம் சேவ் செய்யவே விடாது. மூடித் திறந்தால், கடைசி சேவுக்குப் பிறகு பார்த்த வேலை அம்போ!

ரேம் போதாதபோது போட்டோஷாப் டிஸ்கில் உள்ள காலி இடத்தில் கைவைக்கும். அந்த இடம்தான் ஸ்க்ராட்ச் டிஸ்க். நீங்கள் மாற்றாதவரை, அது விண்டோஸ் குடியிருக்கும் சி டிரைவ்தான். அங்கே இடம் தீர்ந்தால் விண்டோஸும் சேர்ந்து திணறும்.

ஆபத்து முன்கூட்டியே தெரியும். விண்டோவின் அடியில் ஃபைல் அளவு காட்டும் இடத்துக்குப் பக்கத்து அம்புக்குறியை அழுத்தி 'எஃபிஷியன்சி'யை வையுங்கள். அது 100 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், வேலை டிஸ்கில் ஓடுகிறது என்று அர்த்தம்.

பெரும்பாலும் வினை ரெசல்யூஷனில் இருக்கிறது. 20-க்கு 10 அடி பேனரை 300-இல் திறந்தால், ஆர்.ஜி.பி.யில் ஒரே ஒரு முழு லேயருக்கே 7 ஜி.பி.க்கு மேல் போகும். 72-இல் வைத்தால் சுமார் 430 எம்.பி.தான். ரோட்டிலிருந்து அண்ணாந்து பார்க்கும் பேனருக்கு இது தாராளம்.

உடனே செய்யுங்கள்:

● பிரெஃபரன்ஸில் ஸ்க்ராட்ச் டிஸ்கை, நிறைய இடமுள்ள வேறொரு எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள்.
● ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் 50 இருந்தால் 20 ஆக்குங்கள்.
● அகலத்திலோ உயரத்திலோ 30,000 பிக்ஸலை, அல்லது அளவில் 2 ஜி.பி.யைத் தாண்டும் ஃபைலை பி.எஸ்.டி. ஏற்காது, பி.எஸ்.பி.யில் சேமியுங்கள்.

செய்யவே கூடாதவை:

● பென் டிரைவில் இருக்கும் ஃபைலை அங்கேயே திறந்து வேலை பார்ப்பது.
● போட்டோஷாப்புக்கு ரேமை 100 சதவீதமும் தாரை வார்ப்பது.
● 'ரேம் பூஸ்டர்' என்று கண்ட இடத்தில் கிடைப்பதை இறக்குவது. ரேம் அதிகமாகாது, வைரஸ் வேண்டுமானால் வரும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? பதற்றத்தில் போட்டோஷாப்பை மூடிவிடாதீர்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்து, பெரிய வீடியோக்களை வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். அப்படியும் இடம் போதாவிட்டால் எடிட் மெனுவில் பர்ஜ் போய் ஹிஸ்டரியை அழியுங்கள். அதன்பின் அண்டூ கிடையாது என்பது நினைவிருக்கட்டும். பிறகு சேவ் கொடுங்கள்.

அடுத்த பேனரைத் தொடுமுன், சி டிரைவில் எவ்வளவு காலி என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்!