கடற்சாமந்தியும் அதன் அயலாரும்

கடலினடியிலே மணலையோ பாறையையோ பற்றிக்கொண்டு, நீரோட்டத்துக்கிசைய இதழ் பல அசைய நிற்கும் கடற்சாமந்தியை முதன்முறை காண்பவர் அதனை ஒரு மலரென்றே துணிவர். நெய்தற்றிணை பயின்று, புன்னையும் ஞாழலும் தாழையும் அடும்பும் நெஞ்சில் நிறைந்திருந்த யாமும் அவ்வாறே துணிந்தோம். கரையிற் பூப்பனவற்றையெல்லாம் பாடிய புலவர் கடலுள்ளே பூப்பதனைப் பாடாது விட்டனரே என்று சிறிது வருந்தியதும் உண்டு. அவ்வருத்தம் வீண். அது பூவன்று, ஊனுண்ணும் விலங்கு. இதழெனத் தோன்றுவன அதன் உணர்கைகள். அவற்றின் நடுவே காணப்படுவது வாய். உண்பதும், உண்டதன் எச்சத்தை உமிழ்வதும் அவ்வொரு வாயாலேயே. நம் கடற்கரையார் சொறி என வழங்கும் இழுதுமீனுக்கு அது கிளையுறவு.

இவ்வுண்மையை யாம் நூலாலன்றி இழப்பினாலேயே நன்கறிந்தோம். சென்ற ஆண்டு விலங்கியல் பயிலும் நண்பர் இருவருடன் கூடி உப்புநீர்த் தொட்டி ஒன்று அமைத்தோம். நான்கடி நீளமும், ஒன்றரையடி அகலமும், அவ்வளவே உயரமும் உடைய அத்தொட்டியில் ஏறக்குறைய 250 லிட்டர் நீர் கொள்ளும். அதனுள் கம்பளச் சாமந்தி எனப்படும் அகன்ற கடற்சாமந்தி ஒன்றும், கோமாளி மீன் இணை ஒன்றும், வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்றும், உளுவை ஒன்றும் குடியேறின. எழுபது நாளில், பெண் கோமாளி மீன் ஒன்றொழிய அனைத்தும் மாண்டன. அவை ஒன்றோடொன்று பகைத்தமையால் மாண்டன என்றே அப்பொழுது எண்ணினோம். பின்னர் ஆராய்ந்தபொழுது வேறொன்று புலனாயிற்று. அதனை, இத்தகைய தொட்டி வைக்க விழையும் மாணவ நண்பர் பொருட்டு இங்கே எழுதுகின்றோம்.

முதற்கண் கடற்சாமந்தியின் படைக்கலத்தை அறிதல் வேண்டும். அதன் உணர்கைகளின்மேல், வெறுங்கண்ணுக்குப் புலனாகாத நுண்பைகள் ஆயிரக்கணக்கில் உள. ஒவ்வொரு பையினுள்ளும் நூலொன்று சுருண்டு கிடக்கும். ஓருயிர் தீண்டிய அப்பொழுதே, இமைப்பொழுதினும் எத்தனையோ மடங்கு விரைவாக, அந்நூல் வெளிப்பாய்ந்து தைத்து நஞ்சைச் செலுத்தும். சிறுமீனாயின் உடல் சோர்ந்து உணர்கைகளில் ஒட்டிக்கொள்ளும். கைகள் அதனை மெல்ல வாய்க்குள் தள்ளும். பொறி வைத்துக் காத்திருக்கும் வேடனைப் போல்வது அது. ஆயின் இவ்வேடனுக்குக் கண்ணில்லை, மூளையும் இல்லை. தீண்டுவது நட்போ பகையோ என ஆராய அதனால் இயலாது.

அங்ஙனமாயின் கோமாளி மீன் மட்டும் அக்கைகளுக்கிடையே படுத்துறங்குவது எவ்வாறு? 1868-ஆம் ஆண்டில் காலிங்வுட் என்னும் ஆங்கிலேய இயற்கைநூலார், சீனக் கடலில் தாம் கண்ட இக்கூட்டுறவைக் குறித்து எழுதிய நாள்தொட்டு இவ்வினா அறிஞரை விடவில்லை. மீனின் மேனியைப் போர்த்துள்ள வழுவழுப்பான கோழையே அதன் கவசம் என்னும் கருத்து, 1958-இல் டேவன்போர்ட், நாரிஸ் என்னும் இருவர் செய்த ஆராய்ச்சியால் வலியுற்றது. கொட்டும் பைகளைத் தூண்டுவனவற்றுள் ஒன்றாகிய சியாலிக் அமிலம் என்னும் பொருள் இம்மீனின் கோழையிற் பிற மீன்களினும் மிகக் குறைவு என்று அண்மைக்கால ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். கவசம் இருப்பினும் புதுமீன் உடனே புகுந்துவிடுவதில்லை. வாலால் ஒருமுறை தீண்டி விலகும், பின்னர் வயிற்றால் தீண்டும், மீண்டும் விலகும். எம் ஆண்மீன் இவ்வாறு மூன்று மணிநேரம் செய்து, இறுதியில் புகுந்த வீட்டில் உரிமை கொண்டாடும் மருமகனைப்போல் நடுவிடத்தே அமர்ந்தது.

எல்லாக் கோமாளி மீன்களும் எல்லாச் சாமந்திகளையும் ஏற்பதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கோமாளி மீன்களில் ஏறக்குறைய 30 வகை உள. கடற்சாமந்திகளோ ஆயிரத்துக்கு மேற்பட்ட வகையின. அவற்றுள் இம்மீன்களுக்கு இடந்தருவன பத்து வகையே. ஆம்பிபிரையான் கிளார்க்கி என்னும் மீன் அப்பத்தினையும் ஏற்கும். நம் மன்னார் வளைகுடாவில் வாழும் ஆம்பிபிரையான் சீபே, பெரும்பாலும் ஸ்டைகோடாக்டைலா ஹாடோனி என்னும் கம்பளச் சாமந்தியையே நாடும். யாம் வாங்கியவை இவ்விரண்டே. இப்பொருத்தம் எமது அறிவினால் அமைந்ததன்று, நல்லூழால் அமைந்தது.

இனி, யாம் செய்த பிழைகளுக்கு வருவோம். தொட்டியிலிட்ட பாறையோடு அயிப்டாசியா என்னும் சிறு கண்ணாடிச் சாமந்திகள் சில வந்து சேர்ந்தன. பயிரிடைக் களை போல்வன அவை. கத்தியாற் சுரண்டினோம், அறுபட்ட அடித்துணுக்கு ஒவ்வொன்றும் ஒரு புதுச் சாமந்தியாய் முளைத்து, பத்து இருந்தவிடத்து நாற்பதாயின. வண்ணத்துப்பூச்சி மீன் அவற்றைத் தின்றுவிடும் என்று வணிகர் ஒருவர் சொல்ல, அவ்வாறே ஒன்றை வாங்கி விட்டோம். அவர் சொன்னது பொய்யன்று, அது தின்றது. ஆயின் களையையும் பயிரையும் வேறு பிரித்தறிய அது கற்றதில்லை. கண்ணாடிச் சாமந்திகளைத் தீர்த்தபின் கம்பளச் சாமந்தியின் கைகளைக் கொறிக்கத் தொடங்கிற்று.

கடலிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு. அங்கே கோமாளி மீன் சினந்தெழுந்து துரத்தும். வண்ணத்துப்பூச்சி மீன் அப்பாற் சென்று வேறிடத்தில் இரைதேடும். பூசல் அவ்வளவில் முடிந்துவிடும். எமது தொட்டியிலோ அது துரத்தப்பட்டு நான்கடி ஓடிக் கண்ணாடியில் முட்டித் திரும்பிற்று. திரும்பிய இடத்தே மீண்டும் சாமந்தி, மீண்டும் துரத்தல். நாள் முழுதும் இதுவே. ஐந்தாம் நாள் ஆண் கோமாளியின் வால் கிழிந்திருந்தது. சாமந்தி கைகளைச் சுருக்கி மூடிக்கொண்டு, உணவிட்டாலும் திறவாதாயிற்று. கடலில் பகையைத் தீர்ப்பது தொலைவு. அத்தொலைவை யாம் நான்கு கண்ணாடிச் சுவரால் நீக்கிவிட்டுப் பின்னர் மீனைக் குற்றஞ் சாட்டினோம்.

உளுவையின் முடிவு சுருக்கமானது. இரவில் விளக்கை ஒரே நொடியில் அணைக்கும் வழக்கம் எமக்கு இருந்தது. இருளில் திகைத்த அம்மீன் தன் வளையென எண்ணிச் சாமந்தியின்மேற் சென்று படுத்தது போலும். காலையில் அதன் வாலே வாய்ப்புறத்தே தெரிந்தது. இதனைப் பூசலென்று கூறுதல் பொருந்தாது; இஃது உணவு. கடற்குதிரை முதலிய மெல்ல நீந்தும் மீன்களைக் கம்பளச் சாமந்தியுடன் ஒரு தொட்டியில் வைத்தலே ஆகாது. பிற மீன்களை வைப்பின், அவை துயிலுதற்குரிய பாறைப்புழைகளைச் சாமந்திக்குச் சேய்மையில் அமைத்து, விளக்கொளியைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் பெரும்பிழை மணலைப் பற்றியது. கம்பளச் சாமந்தி மணலில் வாழ்வது. அடிப்பாதத்தை ஆழப் புதைத்து, அச்சம் நேருமிடத்து உடலையும் உள்ளே இழுத்துக்கொள்வது அதன் இயல்பு. யாமோ அழகு கருதி ஒரு விரற்கிடை மணலே பரப்பி, சாமந்தியைப் பாறைமேல் வைத்திருந்தோம். அது இறங்கிற்று. மீண்டும் எடுத்து வைத்தோம், மீண்டும் இறங்கிற்று. கடற்சாமந்தி நடக்கும் என்பதை நம்மிற் பலர் அறியார். ஒளியும் நீரோட்டமும் பிடிமானமும் தனக்குப் பொருந்தும் இடம் கிடைக்குமளவும் அது ஊர்ந்துகொண்டேயிருக்கும். ஒரு விடுமுறை நாளிரவு அது நீரிறைக்கும் பம்பின் வாயை அடைந்தது. அவ்வாய்க்கு வலையோ பஞ்சோ யாம் கட்டியிருக்கவில்லை. மறுநாள் நண்பகலில் வந்து பார்த்தபொழுது நீர் பாலைப்போல் வெண்மையாயிருந்தது. சிதைந்த சாமந்தியின் உடல் அழுகி அம்மோனியா மிகுந்தமையால் மீன்கள் ஒவ்வொன்றாய் மேலெழுந்து மிதந்தன. எஞ்சிய பெண் கோமாளி, சாமந்தி முன்பிருந்த வெற்றிடத்தையே சுற்றிச் சுற்றி நீந்திற்று. அதனை வாளியில் மாற்றியபொழுது எம்முள் ஒருவரும் பேசவில்லை.

தொட்டியில் அடைத்து வைத்தலே இவ்வுயிர்க்குக் கேடு என்பாரும் உளர். ஸ்காத்லாந்து நாட்டில் சர் ஜான் டாலியெல் என்பவர் 1828-இல் கடற்கரையினின்று எடுத்துவந்து கண்ணாடிச் சாடியொன்றில் வளர்த்த கடற்சாமந்தி, அவர் 1851-இல் இறந்தபின்னும் பிறர் கையில் வாழ்ந்து, நூற்றுக்கணக்கான குட்டிகளை ஈன்று, 1887-இல் மாண்டது. அதனைப் பாட்டி என்றே அழைத்தனர். அச்சாடியில் மீனில்லை; பம்பில்லை; வேளைக்கு நீர் மாற்றுவாரும் உணவிடுவாரும் இருந்தனர். அது வேறு வகையினதாயினும், ஐம்பத்தொன்பது ஆண்டு எங்கே, எமது எழுபது நாள் எங்கே! கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனம்பெருக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையத்தார் வகுத்திருக்கின்றனர். மீனொன்று இறப்பின் தொட்டியிற் பிறந்த மற்றொன்றைப் பெறலாம். கம்பளச் சாமந்தியோ பெரும்பாலும் கடலினின்றே எடுக்கப்படுவது. ஒன்று மாண்டால் கடலுக்கு அவ்வளவும் இழப்பே.

ஆதலின் இரண்டாம் முறை யாம் விரையவில்லை. வெறுந்தொட்டியை ஆறு திங்கள் ஓடவிட்டு, அம்மோனியா அறவே அற்று நைட்ரேட் குறைந்து நிற்கக் கண்ட பின்னரே சாமந்தியைக் கொணர்ந்தோம். மணலை நான்கு விரற்கட்டை உயர்த்தினோம். பம்பின் வாய்க்குப் பஞ்சுறை இட்டோம். நீரின் ஒப்படர்த்தி 1.025 அளவிலும், வெப்பம் 26 பாகை செண்டிகிரேட் அளவிலும் நிலைபெறச் செய்தோம். சாமந்தியின் உடலுள் வாழும் நுண்பாசிகளே அதற்கு உணவின் பெரும்பகுதியை ஆக்கித் தருவன. அப்பாசிகளுக்கு வலிய ஒளி வேண்டும். மீனின் கழிவு அவற்றுக்கு எருவாகும். வெளுத்த சாமந்தி பார்வைக்கு அழகியதாயினும் பாசியை இழந்து பசித்திருப்பது. கடையில் அத்தகையதை வாங்கற்க. கண்ணாடிச் சாமந்தி மீண்டும் தோன்றியபொழுது கத்தியையும் நாடவில்லை, மீனையும் நாடவில்லை. பம்பை நிறுத்திவிட்டு, சுண்ணாம்பை நீரிற் குழைத்து ஊசிக்குழலால் அதன் வாய்மேல் இட்டோம். ஒரு நாளில் இரண்டொன்றுக்கு மேல் இடலாகாது, நீர் காரமாய்விடும்.

பெண் கோமாளிக்குத் துணை தேடியதும் எளிதன்று. கோமாளி மீன் கூட்டத்திற் பெரியது பெண், அதனையடுத்தது ஆண், ஏனையவை இளையவை. பெண் இறப்பின் ஆணே பெண்ணாக மாறும் என்பதை 1977-இல் பிரிக்கே என்னும் குடிப்பெயருடைய இருவர் வெளியிட்டனர். ஆதலின் ஒத்த பருவமுடைய பெரிய மீன் ஒன்றை விட்டால் இரண்டும் பெண்மைக்குப் போரிட்டு ஒன்று மடியும். யாம் தொட்டியிற் பிறந்த மிகச் சிறிய மீனையே தேர்ந்து, துளையிட்ட கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பத்து நாள் வைத்தோம். தடுப்பை எடுத்தபொழுது பெரியது பாய்ந்தது. சிறியது ஒருபுறம் சாய்ந்து உடலை நடுக்கிப் பணிவைக் காட்டிற்று. அதன்பின் பாய்ச்சல் குறைந்தது.

அன்பு மிகுதியாலும் கேடு வரும். சாமந்தி சிறிதாயும் மீன் பெரிதாயும் இருப்பின், மீன் ஓயாது உரசி அதனை விரியவொட்டாது செய்யும். சாமந்தியின் அகலம் மீனின் நீளத்தில் இருமடங்குக்குக் குறையாதிருத்தல் நலம். உணவையும் பறித்துவிடும். மீனுக்கு முதலில் வயிறார இட்டு, பின்னர்ச் சிறிதாக அரிந்த இறால் துணுக்கைச் சாமந்திக்கு வாரத்துக்கு ஒருமுறை இடுகின்றோம்.

இப்பொழுது சாமந்தி வைத்த இடத்திலேயே பதினொரு திங்களாக இருக்கின்றது. சென்ற மாதம் அதன் அடியருகேயுள்ள கல்லில் மீன்கள் முட்டையிட்டன. ஆண்மீன் இரவும் பகலும் துடுப்பால் நீர் வீசி அவற்றைக் காத்தது. பெண்மீன் காவலை மேற்கொண்டு, கண்ணாடி துடைக்கச் சென்ற எம் விரலைக் குருதி வரக் கடித்தது. தொட்டியில் இன்று பகையென்று சொல்லத்தக்கது அஃதொன்றே. அதன் பொருட்டு நீண்ட பிடியுள்ள தூரிகை ஒன்று வாங்கியிருக்கின்றோம்.