மொத்தம் எவ்வளவு?

1970களில் தமிழ்நாட்டில் வீட்டில் தொலைபேசி வைத்திருந்தவர்களுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. ஆனால் முன்கூடத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்த அந்தக் கறுப்புக் கருவி அவர்களுடையது கிடையாது. அது தபால் தந்தி இலாகாவின் சொத்து. வீட்டுக்காரர் வெறும் சந்தாதாரர். மனுப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இணைப்பு வந்த பிறகு வாடகையும் கட்டணமும் செலுத்த வேண்டும். பணம் கட்டத் தவறினால் இணைப்பு போய்விடும். வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றால், வேறு நிறுவனமே இல்லை.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் கைபேசியில் பேசினார். இந்தியாவில் கைபேசி யுகம் அன்றுதான் தொடங்கியது. சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலார் என்ற இரண்டு நிறுவனங்கள் உரிமம் பெற்றன. செட்டை முழுப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். மாதாமாதம் பில்லும் கட்ட வேண்டும். உச்ச நேரத்தில் பேச நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல் ஆனது. வருகிற அழைப்புக்கும் காசு. மணி அடித்தால் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்த காலம் அது. ஆனாலும் ஒரு பெரிய மாற்றம் அப்போதே நடந்துவிட்டது. எண் செட்டில் இல்லை, சிம் அட்டையில் இருந்தது. அட்டையைக் கழற்றி வேறு செட்டில் போட்டுக்கொள்ளலாம். செட்டும் சேவையும் தனித்தனியாகப் பிரிந்ததால், ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கைபேசிக்கு என்று ஒரு சந்தையே உருவானது. புதுசு, பழசு, பில் இல்லாதது என எல்லாம் கிடைத்தன. எது வாங்கினாலும் காசு கொடுத்தவருக்கே செட் சொந்தம்.

மேலை நாடுகளில் இருப்பதுபோல, சேவை நிறுவனமே செட்டைக் கொடுத்து மாதாமாதம் பணம் வாங்கும் ஒப்பந்த போன் இங்கே ஒரே ஒருமுறைதான் பெரிய அளவில் வந்தது. திருபாய் அம்பானியின் பிறந்த நாளான டிசம்பர் 28 அன்று, 2002இல், ரிலையன்ஸ் இன்ஃபோகாம் தன் சேவையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் 501 ரூபாய் கட்டினால் கையில் போன், மீதி மாதாமாதம் என்று அறிவித்தது. பல பேருக்கு அதுதான் வாழ்வின் முதல் கைபேசி. ஆட்டோ ஓட்டுநரும் பூக்கடைக்காரரும் தச்சரும் போன் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலையை உண்டாக்கியதில் அந்தத் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதை மறுக்கக் கூடாது.

ஆனால் அது சிடிஎம்ஏ தொழில்நுட்பம். அந்த செட்டுகளில் சிம் அட்டை கிடையாது. எண்ணை செட்டுக்குள்ளேயே பதித்துக் கொடுத்தார்கள். சேவை பிடிக்காமல் வெளியேறினால் செட் எதற்கும் உதவாது. மாதக் கடைசியில் வரும் பில் புரியாமல் திகைத்தவர்கள் பலர். கட்டாமல் விட்டவர்களும் பலர். கொடுத்த முகவரியில் ஆளைத் தேடி அலைந்த வசூல்காரர்களின் கதைகள் அந்த நாளில் ஊருக்கு ஊர் உண்டு. நிலுவை பெருகி, நிறுவனமே அந்த வழியிலிருந்து பின்வாங்கியது.

ஒப்பந்தம் இங்கே ஊன்றாததற்குக் காரணம் நம் மக்களின் வருமானம் வரும் விதம்தான். மாதச் சம்பளக்காரருக்கு மாத பில் பொருந்தும். சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும் மீன்பிடிக்கப் போகிறவருக்கும் பணம் வரும் நாள் நிச்சயமில்லை. இருக்கும்போது பத்து ரூபாய்க்கு டாப்-அப், இல்லாதபோது மிஸ்டு கால் என்பதே அவர்களுக்குச் சரிப்பட்டது. 2003இல் உள்வரும் அழைப்பு இலவசமானது. அதே ஆண்டில் டார்ச் விளக்கோடு நோக்கியா 1100 வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தது. ஒரு முறை ரொக்கம் கொடுத்து செட், பிறகு தேவைக்கு ரீசார்ஜ் என்ற பழக்கம் ஊன்றிவிட்டது. இரட்டை சிம் செட் வந்தது. 2011 ஜனவரியில் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடு முழுக்க வந்தது. இன்றும் இந்தியாவின் கைபேசி இணைப்புகளில் மிகப் பெரும்பாலானவை பிரீபெய்டுதான்.

2008 ஆகஸ்டில் ஐபோன் 3ஜி இங்கே விற்பனைக்கு வந்தபோது 8 ஜிபி செட்டின் விலை 31,000 ரூபாய். அமெரிக்காவில் அதே போன் 199 டாலர். நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று பலரும் கொதித்தார்கள். அமெரிக்க விலைக்குப் பின்னால் ஏடி அண்டு டி நிறுவனத்தோடு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் இருந்தது. செட்டின் மீதி விலையை அங்குள்ளவர்கள் மாத பில்லில் கட்டினார்கள். நாம் பெரிய தொகையை வெளிப்படையாகக் கொடுத்தோம்; அவர்கள் அதைத் தெரியாத வடிவத்தில் கொடுத்தார்கள். 2013இல் டி-மொபைல் அந்த முறையைக் கைவிட்டு, செட்டின் விலையையும் சேவைக் கட்டணத்தையும் பிரித்துக் காட்டத் தொடங்கியது. அமெரிக்காவின் மற்ற பெரிய நிறுவனங்களும் சில ஆண்டுகளில் அதே வழிக்கு வந்தன.

அவர்கள் அந்த வழிக்கு வந்துகொண்டிருந்தபோது, நாம் மெல்ல எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கினோம். 2017இல் 1,500 ரூபாய் வைப்புத்தொகையில் ஜியோபோன் வந்தது; அதில் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்யும். ஆனால் உண்மையான ஒப்பந்தம் இப்போது தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் இல்லை. கைபேசிக் கடையின் ஓரத்தில், நிதி நிறுவனத்தின் பனியன் போட்ட இளைஞர் உட்கார்ந்திருக்கும் மேசையில் இருக்கிறது. "ரொக்கமா சார், ஈஎம்ஐயா?" என்ற கேள்வியோடு அது தொடங்குகிறது. ஆதார், பான், ஒரு செல்ஃபி, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க ஓர் ஒப்புதல். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

'வட்டியில்லாத் தவணை' என்ற வார்த்தையை மட்டும் நின்று பார்க்க வேண்டும். பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போதைய 'நோ காஸ்ட் ஈஎம்ஐ' வேறு விதமாக இயங்குகிறது. 24,000 ரூபாய் போன், மாதம் 2,000 வீதம் 12 தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 15 சதவீதம் என்றால், கடன் கணக்கில் அசல் சுமார் 22,160 ரூபாய். மீதி 1,840 ரூபாய் வட்டி. அந்த வட்டிப் பணத்தைத் தயாரிப்பாளரோ கடைக்காரரோ தள்ளுபடியாக ஏற்கிறார். கிரெடிட் கார்டில் எடுத்தால் அந்த வட்டி மீது 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது சுமார் 330 ரூபாய், நம் தலையில் விழும். செயலாக்கக் கட்டணம் தனி. இதைவிட முக்கியமானது, ரொக்கம் கொடுக்கிறவர் பேரம் பேசினால் அந்த 1,840இல் ஒரு பங்காவது அவருக்குக் கிடைத்திருக்கும்.

ஒரு தவணைக்குக் கணக்கில் பணம் இல்லாமல் போனால் நிதி நிறுவனம் ஓர் அபராதம், வங்கி ஓர் அபராதம் என இரண்டு பக்கமும் அடி விழும். கடனை ஒழுங்காக அடைக்கிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். இருபத்தொரு வயதில் போனுக்காகத் தவறவிட்ட இரண்டாயிரம் ரூபாய், பின்னாளில் வீட்டுக்கடன் கேட்கும்போது குறுக்கே வந்து நிற்கலாம். சில கடன்களில், தவணை தவறினால் போனைத் தூரத்திலிருந்தே பூட்டிவிடும் செயலியும் உள்ளே இருக்கக்கூடும். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிக்கும் கால் டாக்சி ஓட்டும் அண்ணனுக்கும் போன்தான் பிழைப்பு. அதைப் பூட்டினால் கடனை அடைக்கும் வருமானமும் நின்றுவிடும். 2003இல் பில் கட்டாதவரை ஆள் அனுப்பித் தேடினார்கள். இன்று தேட வேண்டிய தேவையே இல்லை.

தவணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காகத் தவணையில் போன் வாங்கிய பெற்றோர் எத்தனையோ பேர். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. பிழைப்புக்குத் தேவையான கருவியைத் தவணையில் வாங்கி, சம்பாதித்து அடைப்பது நியாயமான கணக்கு. மாதச் சம்பளத்துக்கு மேல் விலையுள்ள போனை, போன வருடத்து போன் நன்றாக ஓடும்போதே தவணையில் மாற்றுவதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. சில நிறுவனங்கள் உயர்விலை போன்களுக்கு ஏழு ஆண்டுகள் வரை மென்பொருள் புதுப்பிப்பு தருவதாக உறுதி சொல்கின்றன. நடுத்தர விலை போனே நான்கு ஆண்டுகள் தாராளமாக உழைக்கும். சென்ற ஆண்டு மாடலை ஆறு மாதம் சேமித்து ரொக்கத்தில் வாங்குகிறவருக்கு இழப்பு எதுவும் இல்லை. முதல் நாளிலிருந்தே செட் அவருடையது.

தவணைதான் என்றால், கையெழுத்திடும் முன் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும்: இன்று ரொக்கம் கொடுத்தால் என்ன விலை; தவணை, கட்டணம், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு; ஒரு தவணை தவறினால் என்ன நடக்கும். 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் ஆண்டு வட்டி விகிதத்தையும் எல்லாக் கட்டணங்களையும் ஒரே தாளில், கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்குவது நம் உரிமை. கடைகளுக்கும் ஒரு கோரிக்கை: 'மாதம் 1,999 மட்டுமே' என்பதை எந்த அளவு எழுத்தில் அச்சிடுகிறீர்களோ, அதே அளவில் மொத்தத் தொகையையும் பக்கத்தில் அச்சிடுங்கள். அதைப் பார்த்த பிறகும் தவணையைத் தேர்ந்தெடுக்கிறவர் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறார். அப்படி ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.