பிறர் பாத்திரத்தில் கை வைக்கலாகாது

விளையாட்டு சிறுவர்க்கே உரியது என்பது பலரது எண்ணம். வயது வந்தோர் பத்துப் பேர் ஒன்றுகூடி, ஒருவர் ஆகாயக் கப்பலின் தலைவர், ஒருவர் வைத்தியர், ஒருவர் இயந்திர நிபுணர் என்று வேடம் வகுத்துக்கொண்டு, இல்லாத கிரகங்களுக்கு யாத்திரை செய்து, அந்த யாத்திரையை ஆளுக்குச் சிறிதாக எழுதி வருகிறார்கள் என்று சொன்னால் காரியவாதிகள் நகைப்பார்கள். செய்ய வேண்டிய வேலை மலைபோற் குவிந்து கிடக்கையில் இது என்ன வீண் பொழுதுபோக்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் அவ்விளையாட்டைச் சற்று உற்று நோக்கினால், பொதுக் காரியத்தில் ஈடுபட்டோர் அனைவரும் கற்க வேண்டிய பாடம் ஒன்று அதனுள் இருப்பது புலனாகும். அதை எடுத்துரைப்பதே எமது நோக்கம்.

முதலில் முறையைக் கூறுவோம். குழுவிற் சேரும் ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தைப் படைத்துக்கொள்கிறார். அதன் பெயர், பிறந்த கிரகம், குணம், அச்சம், ஆசை யாவும் அவர் வகுத்தவை. ஆனால் அப்பாத்திரம் வாழும் உலகம் எல்லோருக்கும் பொது. அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பப்பட்ட 'ஸ்டார் டிரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் உலகத்தை எடுத்துக்கொண்ட குழுக்கள் பல. காரணம் எளிது. ஒரு கப்பல், அதில் பல உத்தியோகஸ்தர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. புதிதாக வருபவருக்கும் உடனே ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. அவர் கீழ்நிலை அதிகாரியாகத் தொடங்கி, நாளடைவில் உயர்கிறார்.

ஒருவர் தமது பாத்திரம் கண்டது, பேசியது, செய்தது ஆகியவற்றை ஒரு பகுதியாக எழுதி மற்றவர்க்கு அனுப்புகிறார். அடுத்தவர் தம் பாத்திரத்தின் கண் கொண்டு அதற்கு மறுமொழி எழுதுகிறார். இவ்வாறு ஒரு யாத்திரை முடிய மாதங்கள் செல்லும். முடிவு இன்னதென்பதை எவரும் முற்றும் அறியார். கப்பலின் தலைவரும் அறியார்.

இவ்விளையாட்டுக்கு உயிர்நாடியான விதி ஒன்று உண்டு. ஒரு பாத்திரம் என்ன நினைத்தது, என்ன சொன்னது, என்ன செய்தது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அதைப் படைத்தவருக்கே உரியது என்பதே அவ்விதி. வெடித்துச் சிதறும் கப்பலில் நான் வைத்தியரை நோக்கிக் கயிறு வீசினேன் என்று இயந்திர நிபுணர் எழுதலாம். வைத்தியர் அக்கயிற்றைப் பற்றினார் என்று அவர் எழுதக் கூடாது. பற்றினாரா, தவறவிட்டாரா, நோயாளியை விட்டு வரமாட்டேன் என்று மறுத்தாரா என்பதை வைத்தியரே எழுத வேண்டும். இவ்வரம்பைக் கடந்து பிறர் பாத்திரத்தை ஆட்டிவைப்பவன் கடவுள் வேடம் போடுகிறான் என்று மேல்நாட்டு ஆட்டக்காரர்கள் இகழ்வார்கள்.

இது அற்ப விதியன்று. இது இல்லாதபோது நேர்வது என்ன என்பதற்குச் சரித்திரத்திலேயே சான்று உண்டு. 1935-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் 'பான்டஸி மாகஸீன்' என்னும் பத்திரிகையில் 'தி சாலெஞ்ச் பிரம் பியாண்ட்' என்னும் கதை வெளிவந்தது. அதை ஐவர் ஒருவர்பின் ஒருவராக எழுதினர். சி. எல். மூர் தொடங்கினார், ஏ. மெரிட் தொடர்ந்தார், பின்னர் லவ்கிராப்ட், ராபர்ட் ஹோவர்ட், பிராங்க் பெல்நாப் லாங் ஆகியோர் எழுதினர். கதைத் தலைவனாகிய ஜார்ஜ் காம்பலின் உள்ளம் வேற்றுலகப் புழுவொன்றின் உடலிற் புகுகிறது. லவ்கிராப்ட் எழுதிய பகுதியில் அவன் தன் உருவத்தைக் கண்டு திகிலுற்று மூர்ச்சையாகிறான். ஹோவர்ட் கையில் எழுதுகோல் வந்ததும் அதே காம்பல் விழித்தெழுந்து, புதிய உடலின் வலிமையில் இறுமாந்து, அவ்வுலகத்தையே அடக்கியாளப் புறப்பட்டுவிடுகிறான்! படிப்போர்க்கு இது வேடிக்கை. எழுதியவர் இருவரும் வல்லவர்களே. ஆனால் காம்பல் எவருக்கும் உரியவன் அல்லன். ஆதலின் எவர் கையில் அகப்பட்டானோ அவர் இழுத்த பக்கமெல்லாம் சென்றான்.

இதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன் இங்கிலாந்தில் நால்வர் குழந்தைகள் இவ்விளையாட்டை ஆடினர். 1826-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹாவொர்த் கிராமத்துப் பாதிரியார் பாட்ரிக் பிராண்டி தம் மகனுக்கு லீட்ஸ் நகரிலிருந்து மரப்பொம்மைச் சிப்பாய்கள் பன்னிரண்டு கொண்டுவந்தார். ஷார்லெட், பிரான்வெல், எமிலி, ஆன் ஆகிய நால்வரும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துப் பெயரிட்டனர். ஷார்லெட்டின் சிப்பாய் வெலிங்டன்; பிரான்வெலின் சிப்பாய் நெப்போலியன். அவற்றைக் கொண்டு 'கண்ணாடி நகரம்' என்னும் கற்பனை ராஜ்யத்தையே எழுப்பி, அதன் வரலாற்றை உள்ளங்கையளவுப் புத்தகங்களில் எழுதினர். மாண்டோரை மீண்டும் உயிர்ப்பிக்கும் ஆற்றல் படைத்த நான்கு பூதங்களாகத் தம்மையே பாவித்துக்கொண்டனர். ஆனால் மூத்தோர் இருவரே முன்னின்று நடத்தினர். 1831 வாக்கில் எமிலியும் ஆனும் பிரிந்து சென்று, 'காண்டல்' என்னும் தமக்கேயான தீவு ஒன்றைப் படைத்துக்கொண்டனர். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. அத்தீவின்பால் அவர்கள் கொண்ட பற்று எத்தகையது எனில், 1845-ஆம் ஆண்டில் இருபது வயதைக் கடந்த பின்னரும், யார்க் நகருக்கு இருவரும் ரயிற் பிரயாணம் சென்றபோது, வழிநெடுகக் காண்டல் மாந்தராகவே நடித்துச் சென்றனர் என்று எமிலியே எழுதி வைத்திருக்கிறார்.

1974-ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். ஆளுக்கொரு பாத்திரம், உலகை நடத்த ஒரு நடுவர் என்னும் ஏற்பாடு அதனால் எங்கும் பரவியது. 1977-இல் மார்க் மில்லர் ஆகாய யாத்திரைக்கென்று 'டிராவலர்' என்னும் ஆட்டத்தை அமைத்தார். அதில் ஒரு விசித்திரம் உண்டு. பாத்திரத்தைப் படைத்துக்கொண்டிருக்கும்போதே, ஆட்டம் தொடங்குமுன், பகடை பாதகமாக விழுந்தால் அப்பாத்திரம் இறந்துபோகலாம்! ஆனால் பகடைக்குப் பகையில்லை, பட்சபாதமும் இல்லை. எழுத்துக் குழுக்களிலோ பகடை உருளுவது அரிது. ஆங்கே மனித சித்தமே யாவும். ஆகவேதான், ஒருவர் பாத்திரத்தை அவர் சம்மதமின்றிக் கொல்லலாகாது என்று பல குழுக்கள் திட்டமாக விதித்திருக்கின்றன. தலைவரானாலும் சரி, கேட்டே செய்ய வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு சந்தேகம் எழலாம். அவரவர் பாத்திரத்துக்கு அவரவரே அதிபதி என்றால், தலைவர் எதற்கு? கப்பலில் தலைவர் கட்டளையிடுகிறார், கீழதிகாரி பணிகிறார். ஆனால் அது கதைக்குள் நிகழும் அதிகாரம். கதைக்கு வெளியே தலைவரும் ஓர் அங்கத்தினர். கீழதிகாரியும் ஓர் அங்கத்தினர். கிரகத்தில் இறங்கு என்று தலைவர் ஆணையிடலாம். மகிழ்ந்து இறங்குவதா, முணுமுணுத்துக்கொண்டு இறங்குவதா, மறுத்துத் தண்டனை பெறுவதா என்பதை அந்தப் பாத்திரத்துக்கு உரியவரே எழுதுகிறார். இவ்விரு அதிகாரங்களையும் ஒன்றெனக் கருதி, வேடத்தின் பதவியைத் தம் சொந்தப் பெருமையாக எண்ணும் தலைவர் வாய்த்த குழு நெடுநாள் நிலைக்காது. வேடத்தைக் களைந்த பின்னும் கிரீடத்தைக் கழற்றாத ராஜபார்ட்டுக்காரரை எந்த நாடகக் கம்பெனி பொறுக்கும்?

குழுவைக் கெடுப்பவர் சோம்பேறிகள் மட்டுமே என்று எண்ண வேண்டாம். ஒருவர் வாரக்கணக்கில் மௌனம் சாதித்தால், அவரை நோக்கி வீசிய கயிறு அந்தரத்திலேயே தொங்குகிறது, கதை நின்றுவிடுகிறது. இது வெளிப்படையான தீங்கு. மற்றொரு தீங்கு மறைவானது. உற்சாகம் மிகுந்த இருவர் ஒரே இரவில் பத்துப் பகுதிகள் எழுதித் தள்ளுகிறார்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு மறுநாள் மாலை எழுத உட்காருபவர், தாம் பேச வேண்டிய காட்சி முன்னரே முடிந்து போயிருப்பதைக் காண்கிறார். இரண்டு முறை இவ்வாறு நேர்ந்தால் மூன்றாம் முறை அவர் வருவதில்லை. உழைப்பாளி என்று பெயரெடுத்தவரே மற்றவரை விரட்டிய விந்தை இது! தேர் இழுக்கும்போது முன்னால் நிற்பவன் மட்டும் ஓடினால் வடந்தான் அறும்; தேர் நகராது. ஆகவே நல்ல குழுவில் தேர்ந்தவர் என மதிக்கப்படுபவர் மிகுதியாக எழுதுபவர் அல்லர். தம் பகுதியின் முடிவில் பிறர் தொடர்வதற்கு ஓர் இடம் விட்டு நிறுத்துபவரே தேர்ந்தவர்.

இவ்வாறு எழுதப்படுவன சிறந்த இலக்கியமாகுமா என்று கேட்டால், பெரும்பாலும் ஆகா என்றே விடை கூற வேண்டும். நடை பலவாறாகும், கதை வளையும், பாதியில் நின்றவை எத்தனையோ. தனியொருவர் சிந்தித்து எழுதிய நாவலின் கட்டுக்கோப்பை இதில் எதிர்பார்ப்பது தவறு. ஆனால் தனியொருவர் எழுதும் நாவலில் எல்லாப் பாத்திரங்களும் ஆசிரியருக்கு அடிமைகள். அவர் அழு என்றால் அழும். சாவு என்றால் சாகும். கூட்டுக் கதையிலோ, நமது எண்ணத்துக்கு இணங்காத மற்றோர் உள்ளம் எதிரே நிற்கிறது. அது என்ன விடை கூறும் என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. வந்த விடை நமக்குப் பிடிக்காவிடினும், அதை உண்மையென ஏற்று மேலே எழுத வேண்டியிருக்கிறது. இப்பயிற்சி வேறெங்கே இவ்வளவு எளிதிற் கிடைக்கும்?

சங்கம் நடத்துவோர், கமிட்டியில் அமர்வோர், ஊர்க் காரியம் பார்ப்போர் யாவரும் இதைச் சிந்திக்க வேண்டும். சகாவின் வாயிலிருந்து வர வேண்டிய சொல்லைத் தாமே எழுதித் தீர்மானமாக்கிவிடும் வழக்கம் நம்மிடையே இல்லையா? எல்லோரும் ஒப்புக்கொண்டனர் என்று அறிக்கை விடுமுன், ஒவ்வொருவரையும் கேட்டவர் எத்தனை பேர்? விளையாட்டிற் கூடப் பிறர் சித்தத்தை நாம் எழுதலாகாது எனின், மெய்யான காரியங்களில் எழுதலாமோ?

இதைப் பழக வேண்டுவோர்க்குச் செலவொன்றுமில்லை. நண்பர் நால்வரும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். கப்பலுக்கு ஒரு பெயர் வைத்து, ஆளுக்கொரு பாத்திரம் வகுத்து, வாரத்துக்கு ஒருவராக எழுதிக் கைமாற்றி வாருங்கள். முதல் மாதத்திலேயே, அடுத்தவர் பாத்திரத்தின் வாயில் ஒரு வார்த்தையேனும் போட்டுவிட வேண்டும் என்று கை துடிப்பதை ஒவ்வொருவரும் உணர்வீர்கள். அத்துடிப்பை அடக்கி, புத்தகத்தை மூடி, அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.