நிலத்தடியில் நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா?

மர்ஹூமான பெற்றோரின் நன்மையை நாடி பள்ளிவாசலுக்கோ, வசதியற்றவர்கள் வாழும் தெருவுக்கோ போர் போட்டுக் கொடுப்பது நம் மக்களிடையே உள்ள நல்ல வழக்கம். தண்ணீர் வரும்வரை நன்மை சேரும் ஸதக்கத்துல் ஜாரியா அது. ஆனால் புதுவை போன்ற கடலோர ஊரில் தண்ணீர் கிடைக்குமா என்பதைவிட, கிடைப்பது நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா என்பதே பெரிய கேள்வி. தேங்காயும் குச்சியும் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களால் இதற்கு விடை சொல்ல முடியாது. மின்சாரத்தால் ஓரளவு சொல்ல முடியும்.

சங்கராபரணி ஆறு கடலை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிகிறது. கடல் ஏறும் நேரத்தில் இவற்றின் முகத்துவாரங்கள் வழியாக உப்புநீர் உள்ளே வருகிறது. இனிய நீரும் உவர் நீரும் சந்திப்பதைப் பற்றி சூரத்துல் ஃபுர்கானின் 53-வது வசனத்தில் ஓதியிருக்கிறோம். அப்படியொரு சந்திப்பு நம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கடியிலும் நடக்கிறது.

உப்புநீர் கனமானது, அதன்மேல் நன்னீர் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை அது உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது பொதுக் கணக்கு. மோட்டார் போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சி அந்த 1 மீட்டரை இழந்தால், காலப்போக்கில் உப்பு அத்தனை தூரம் மேலே ஏறி வரலாம்.

இந்த எல்லையைத் தோண்டாமலே கண்டறிய உதவுவது மின்தடை ஆய்வு. கான்ராட் ஷ்லும்பெர்ஜே என்ற பிரெஞ்சுக்காரர் 1912-ல் நார்மண்டியில் தொடங்கிய சோதனைகளிலிருந்து வளர்ந்த முறை இது. நேர்க்கோட்டில் 4 இரும்புக் கம்பிகளைத் தரையில் அடிப்பார்கள். வெளிக்கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகள் இரண்டுக்கும் இடையே வோல்டேஜை அளப்பார்கள். வெளிக்கம்பிகளை அகற்றிக்கொண்டே போனால் மின்சாரம் மேலும் ஆழத்தைத் தொட்டு வரும்.

உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஆகவே தடை குறையும். நன்னீர் நிறைந்த மணலில் தடை பெரும்பாலும் பத்துக்கணக்கான ஓம்-மீட்டராக இருக்கும். கடல்நீர் நிறைந்த மணலில் சில ஓம்-மீட்டர் அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும். காய்ந்த மணலில் நூற்றுக்கணக்கில் போகும். முகத்துவாரத்தில் கடல் ஏறும்போதும் இறங்கும்போதும், மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் உப்பு நகர்வதையும் பார்க்கலாம்.

இதற்கும் வரம்பு உண்டு. களிமண்ணும் குறைந்த தடையே காட்டும். அதை உப்பு என்று தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு. 50 மீட்டர் ஆழம் பார்க்க ஏறத்தாழ 200 மீட்டர் நீளம் வேண்டும். சாரத்தின் நெருக்கமான தெருக்களில் அதற்கு இடமில்லை. மண்ணில் புதைந்த குழாய்களும் கேபிள்களும் அளவைக் குழப்பும். எனவே அருகிலுள்ள மைதானத்தில் அளந்து, பக்கத்துக் கிணறுகளின் நீரையும் சோதித்து ஒப்பிடுவதே சரி.

போர் போட நிய்யத் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. புதுவையில் 2002-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்ளது. முதலில் உரிய அனுமதியைப் பெறுங்கள்.

2. பக்கத்து வீடுகளின் போர் ஆழத்தையும், அந்த நீரில் கரைந்துள்ள உப்பின் அளவையும் கேட்டறியுங்கள். குடிநீரில் இது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாதபோது 2,000 வரை அனுமதிக்கப்படுகிறது.

3. ஆழம் போனால் நல்ல தண்ணீர் வரும் என்று எல்லா இடத்திலும் நம்பிவிடாதீர்கள். கடலோரத்தில் அதற்கு நேர்மாறாகவும் நடக்கும்.

4. மேலடுக்கில் உப்புநீர் இருந்தால், கேசிங் குழாயைச் சுற்றி சிமென்ட் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தத் துளை வழியாகவே உப்பு கீழே இறங்கி, அக்கம்பக்கத்தார் குடிக்கும் நல்ல நீரையும் கெடுத்துவிடும். நன்மை நாடிச் செய்த காரியம் அண்டை வீட்டாருக்குத் தீங்காகிவிடக் கூடாது.

5. மழைநீரை மண்ணுக்குள் விடுங்கள். புதிய போருக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைப் பள்ளிவாசல் மொட்டைமாடி நீரைச் சேகரிக்கச் செலவிடுவதும் ஸதக்காதான்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்ததாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அது ஒரு லிட்டருக்கும் குறைவு. குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்யும் நாம் எத்தனை லிட்டர் செலவழிக்கிறோம் என்று ஒரு நாள் வாளி வைத்து அளந்து பார்ப்போம். உப்பைத் தள்ளி நிறுத்தும் அந்த ஒரு மீட்டர் நன்னீரைக் காப்பது அங்கிருந்து தொடங்கட்டும், இன்ஷா அல்லாஹ்.