அலமாரி இடம் மாறும்போது

ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் நினைவும் ஓர் இரும்பு அலமாரிக்குள் இருந்தது. கொள்முதல் ஆணைகளும் ஒப்பந்தங்களும் விற்பனைச் சீட்டுகளும் வங்கிக் கடிதங்களும் நாடாவால் கட்டப்பெற்று ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. அலுவலகம் வேறு கட்டடத்துக்குப் போனால் அலமாரியும் வண்டியேறிப் போயிற்று. எது வந்து சேர்ந்தது, எது சேரவில்லை என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும்.

இன்று அந்த நினைவு கிளவுட் எனப்படும் மேகச் சேமிப்பகத்தில் இருக்கிறது. கட்டண உயர்வு, மின்னஞ்சல் சேவை மாற்றம், பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் நிபந்தனை எனப் பல காரணங்களால் அதுவும் இடம் மாறுகிறது. ஆனால் வழியில் எது தவறியது என்பது உடனே தெரிவதில்லை. தணிக்கையின்போதோ கடன் புதுப்பிப்பின்போதோதான் தெரிகிறது. ஆகவே, சிறு, நடுத்தரத் தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் இம்மாற்றத்தை எவ்வாறு அணுக வேண்டும் என்பதை இவ்விதழில் விரிவாகக் காண்போம்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். புனேக்கு அருகே சாக்கண் தொழிற்பகுதியில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தனியார் நிறுவனம் அது. அறுபது பேர் பணிபுரிகின்றனர். ஒன்பது ஆண்டுகளாகக் கூகுள் டிரைவில் சேர்ந்த கோப்புகள் 2 டெராபைட் அளவுக்கு இருக்கின்றன. அவற்றை மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவுக்கும் ஷேர்பாயிண்டுக்கும் மாற்ற உரிமையாளர் முடிவு செய்திருக்கிறார்.

கோப்பு யாருடையது?

முதல் வேலை நகலெடுப்பது அன்று, கணக்கெடுப்பது. கூகுள் டிரைவில் ‘எனது டிரைவ்’ என்னும் பகுதியில் உருவாகும் கோப்பு, அதை உருவாக்கிய பணியாளரின் கணக்குக்கு உரியது. பகிர்ந்த டிரைவில் இருக்கும் கோப்போ நிறுவனத்துக்கு உரியது. இந்த வேறுபாட்டை அறியாமல், பழைய கணக்காளர் தம் சொந்தப் பகுதியிலேயே ஐந்தாண்டுக் கணக்குகளை வைத்து, மற்றவர்களுக்குப் பார்வை அனுமதி மட்டும் கொடுத்திருக்கக்கூடும். அவர் வேலையை விட்டுச் சென்றதும் அவருடைய கணக்கை நீக்கினால் என்ன ஆகும்? நீக்கப்பட்ட பயனர் கணக்கை 20 நாள்களுக்குள் மீட்கலாம். கோப்புகளின் உரிமையை வேறொருவருக்கு மாற்றாமல் அக்காலம் கடந்துவிட்டால், கோப்புகளும் போய்விடும்.

எனவே, கோப்புறை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவரைக் குறித்து ஒரு பட்டியல் எழுதுதல் நலம். எது நடப்பில் உள்ளது, எது சட்டப்படி காக்க வேண்டியது, எது இரட்டை நகல், எதை விட்டுவிடலாம் என்னும் நான்கு வினாக்களுக்கும் அப்பட்டியல் விடை சொல்ல வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் இக்கணக்கெடுப்பே சுமையைக் கணிசமாகக் குறைத்துவிடும்.

பெயரில் இருக்கும் தடை

ஒவ்வொரு சேமிப்பகத்துக்கும் தனித்தனி இலக்கணம் உண்டு. கூகுள் டிரைவில் ஒரே கோப்புறைக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கலாம், ஷேர்பாயிண்டில் முடியாது. கூகுளில் கோப்பின் பெயரில் சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி ஆகியவற்றை இடலாம். ஷேர்பாயிண்டு இவற்றை ஏற்காது. ‘விலைப்புள்ளி 12/03’ என்று நாள் குறித்து வைத்த கோப்புகள் எல்லாம் இந்தத் தடையில் சிக்கும். கோப்புறைக்குள் கோப்புறையாக ஆழமாகப் போகும் வழக்கமும் இடையூறாகும். ஷேர்பாயிண்டில் கோப்புறைப் பெயர்களும் கோப்பின் பெயரும் சேர்ந்து 400 எழுத்துருக்களைத் தாண்டக் கூடாது. மாற்றக் கருவிகள் சில பெயர்களைத் தாமே திருத்தும். சிலவற்றை விட்டுவிட்டு அறிக்கையில் குறிக்கும். அந்த அறிக்கையைப் படிப்பதற்கென்றே ஒருவரை நியமிக்க வேண்டும்.

உறைந்துபோகும் எண்கள்

நம் வாடிக்கையாளர்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுவே. கூகுளின் விரிதாள் இடம்பெயரும்போது எக்செல் கோப்பாக உருமாறுகிறது. சாதாரணக் கூட்டல், பெருக்கல் சூத்திரங்கள் பழுதின்றி வரும். ஆனால் வேறொரு விரிதாளிலிருந்து எண்களை இழுத்து வரும் ‘இம்போர்ட்ரேஞ்ச்’, தேவையானதைத் தேடித் தொகுக்கும் ‘குவெரி’ போன்ற கூகுளுக்கே உரிய சூத்திரங்கள் எக்செல்லில் இயங்கா. அவற்றின் இடத்தில், உருமாற்றிய நாளன்று இருந்த எண் அப்படியே நின்றுவிடுவது உண்டு. பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. கட்டம் நிரம்பியிருக்கும், எண்ணும் நம்பும்படியாக இருக்கும்.

சாக்கண் நிறுவனத்தின் சரக்கு இருப்பு அறிக்கையை எடுத்துக்கொள்வோம். பண்டகசாலையின் விரிதாளிலிருந்து எண்கள் தாமே வந்து சேருமாறு கணக்காளர் அதை அமைத்திருந்தார். ரொக்கக் கடன் பெற்ற நிறுவனம் அந்த அறிக்கையை மாதந்தோறும் வங்கிக்குத் தர வேண்டும்; பணம் எடுக்கும் வரம்பு அதைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. கோப்பு மார்ச்சு மாதத்தில் இடம்பெயர்ந்தால், ஏப்ரலிலும் மே மாதத்திலும் மார்ச்சு இருப்பே வங்கிக்குப் போகும். சரக்கு விற்றுத் தீர்ந்த பின்னும் அறிக்கை அதை இருப்பாகக் காட்டும். சரக்கு ஆய்வுக்கு வரும் தணிக்கையாளர் அதைக் கண்டுபிடிக்கும்போது, கருவியின் குறை என்று விளக்குவதற்கு முன்னரே நிறுவனத்தின் நாணயத்தின் மீது ஒரு நிழல் விழுந்திருக்கும். இங்கே ஒரு பொய்யும் சொல்லப்படவில்லை. ஒரு சூத்திரம் நின்றுபோனது, அவ்வளவே.

இதைத் தவிர்க்கும் வழி எளியது. வங்கிக்கும் வரித்துறைக்கும் செல்லும் எண்களைத் தரும் விரிதாள்களைத் தனியே பட்டியலிட வேண்டும். அவற்றைக் கருவியிடம் ஒப்படைக்காமல், கணக்கு அறிந்த ஒருவர் புதிய இடத்தில் மறுபடி அமைக்க வேண்டும். முதல் மாத அறிக்கையைப் பண்டகசாலைப் பதிவேட்டோடு கையால் ஒப்பிட்ட பிறகே அனுப்ப வேண்டும். விரிதாளோடு இணைந்த சிறு நிரல்களும் உடன் வருவதில்லை என்பதையும் நினைவில் கொள்க.

பகிர்வும் பழைய இணைப்புகளும்

கோப்பு மாறினால் அதன் முகவரியும் மாறும். தணிக்கையாளருக்கு அனுப்பிய இணைப்பு, வாடிக்கையாளருக்குக் கொடுத்த வரைபட இணைப்பு, ஒரு கோப்புக்குள் மற்றொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு ஆகிய யாவும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். வெளியாருக்குக் கொடுத்த அனுமதிகளை அப்படியே கொண்டுசெல்வதைவிட, இதை ஒரு வாய்ப்பாகக் கொண்டு மறுபரிசீலனை செய்வது நல்லது. ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று என்றோ திறந்துவைத்த கோப்புறை எத்தனை என்பதை அறிந்தால் உரிமையாளர்கள் பலர் திடுக்கிடுவர்.

மாற்றம் நடக்கும் வாரங்கள் மோசடிக்காரர்களுக்கும் உகந்த காலம். ‘உங்கள் கோப்புகள் புதிய இடத்துக்கு மாற்றப்பட்டுள்ளன, இங்கே சொடுக்கிக் கடவுச்சொல்லை இடுக’ என்னும் போலி மின்னஞ்சலைப் பணியாளர்கள் ஐயமின்றி நம்பிவிடக்கூடும். உண்மையான அறிவிப்பு எந்த நாளில், எந்த முகவரியிலிருந்து வரும் என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் நேரில் சொல்லிவிட வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பு முறை முதல் நாளிலிருந்தே நடைமுறையில் இருத்தல் வேண்டும். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்கும் தம் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும்.

எத்தனை நாள் ஆகும்?

நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் மணிக்கு ஏறத்தாழ 45 ஜிகாபைட் செல்லும். அக்கணக்கின்படி 2 டெராபைட் செல்ல 45 மணி நேரம் போதும். நடைமுறையில் அவ்வாறு நிகழாது. இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் ஒரு பெரிய கோப்பைவிட அதிக நேரம் எடுக்கும். சேவை நிறுவனங்களும் வேகத்துக்கு வரம்பு வைக்கின்றன. கூகுள் டிரைவுக்குள் ஒரு பயனர் ஒரு நாளில் 750 ஜிகாபைட்டுக்கு மேல் ஏற்ற இயலாது என்பது ஓர் எடுத்துக்காட்டு.

அலுவலகக் கணினியில் கோப்புகளை இறக்கி மறுபடி ஏற்றுவது சிறந்த வழி அன்று. அலுவலக இணைப்பு இருமுறை சுமக்க வேண்டும்; கோப்பு உருவான நாளும் திருத்திய நாளும் மாறிவிடக்கூடும். மைக்ரோசாஃப்டின் ‘மைக்ரேஷன் மேனேஜர்’ போன்ற கருவிகள் ஒரு மேகத்திலிருந்து இன்னொன்றுக்கு நேரே மாற்றுகின்றன. கட்டற்ற மென்பொருளான ‘ஆர்குளோன்’ பல சேமிப்பகங்களுக்கிடையே நகலெடுக்கவும் ஒப்பிடவும் உதவுகிறது. எக்கருவியாயினும் பழைய பதிப்புகளின் வரலாறு முழுமையாக வந்துசேரும் என்று எண்ணிவிடக் கூடாது.

வேலையை மூன்று கட்டமாகப் பிரிக்கலாம். முதலில் ஒரு சிறு பிரிவின் கோப்புகளை மட்டும் மாற்றி இரண்டு வாரம் பழக வேண்டும். அடுத்து, பழைய கோப்புகள் அனைத்தையும் மாற்ற வேண்டும். இறுதியாக ஒரு வார இறுதியில் பழைய இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, இடைப்பட்ட நாள்களில் மாறியவற்றை மட்டும் கொண்டுவர வேண்டும். மார்ச்சு இறுதி, ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்யும் நாள்கள், கடன் புதுப்பிக்கும் மாதம் ஆகியவற்றைத் தவிர்ப்பது அறிவுடைமை.

சட்டம் கேட்கும் கணக்கு

நிறுவனங்கள் சட்டம், 2013, பிரிவு 128இன்படி, கணக்குப் புத்தகங்களை முந்தைய எட்டு நிதியாண்டுகளுக்குக் காக்க வேண்டும். மத்திய ஜிஎஸ்டி சட்டம், பிரிவு 36இன்படி, ஆண்டுப் படிவம் தாக்கல் செய்வதற்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அக்காலம் நீளும்.

நிறுவனக் கணக்கு விதிகள், 2014, மற்றொன்றையும் வற்புறுத்துகின்றன. மின்னணு வடிவில் உள்ள கணக்குப் புத்தகங்களின் காப்புப்படி, இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் நாள்தோறும் வைக்கப்பட வேண்டும். ‘நாள்தோறும்’ என்னும் கட்டாயம் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. சேவை வழங்குவோரின் பெயரும் இருப்பிடமும் ஆண்டுதோறும் நிறுவனப் பதிவாளருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதால், சேமிப்பகம் மாறிய ஆண்டில் அந்த விவரமும் மாற வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 7, மின்னணுப் பதிவின் தோற்றம், நாள், நேரம் ஆகியவற்றை அறிய உதவும் விவரங்களும் காக்கப்பட வேண்டும் என்கிறது. நாள் மாறாத நகல் ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே விடை.

வந்ததா என்று பார்த்தல்

எண்ணிக்கையை ஒப்பிடுவது முதற்படி. கோப்புறைவாரியாக, அனுப்பியது எத்தனை, சேர்ந்தது எத்தனை, தவறியது எத்தனை என்று எழுத வேண்டும். அடுத்து, கோப்பின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடலாம். ஆயினும் வேர்டு, எக்செல் போன்ற கோப்புகளுக்குள் ஷேர்பாயிண்டு சில குறிப்புகளைத் தானே சேர்ப்பதால், நல்ல கோப்பின் எண்ணும் அளவும்கூட மாறித் தோன்றலாம். ஆகவே, ஒவ்வொரு பிரிவிலும் முக்கியக் கோப்புகளை அவற்றை அன்றாடம் கையாளும் பணியாளரே திறந்து பார்த்துக் கையொப்பமிடும் முறை மிகவும் பயன் தரும்.

பழைய சாவி

எல்லாம் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் பழைய சந்தாவை அன்றே நிறுத்துவதுதான் பலர் செய்யும் பிழை. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் போட்ட கோப்பு 30 நாளில் மறைந்துவிடும். ஷேர்பாயிண்டில் அது 93 நாள் வரை இருக்கும். இவை தவறுக்கான அவகாசங்களே அன்றி, காப்புப்படிகள் அல்ல. பழைய இடத்தைப் படிக்க மட்டும் இயலுமாறு வைத்து, ஒரு காலாண்டுக் கணக்கும் ஒரு முழுச் சரக்கு ஆய்வும் புதிய இடத்திலிருந்து பழுதின்றி முடிந்த பிறகே மூடலாம். அந்தச் சில மாதக் கட்டணத்தைச் செலவு என்று எண்ணாமல் காப்பீடு என்று எண்ணுவோம்.

இரும்பு அலமாரியை இடம் மாற்றிய காலத்தில், முதலாளி தாமே வாசலில் நின்று ஒவ்வொரு கட்டையும் எண்ணி உள்ளே விட்டார். வண்டி கண்ணுக்குத் தெரியாததாக மாறியிருக்கிறது. எண்ணும் கடமை மாறவில்லை. அடுத்த மாதச் சரக்கு இருப்பு அறிக்கையில் கையொப்பமிடும் முன், அதிலுள்ள ஓர் எண்ணையேனும் பண்டகசாலைக்குச் சென்று நாம் நேரில் எண்ணிப் பார்ப்போம்.