வேரும் வித்தும்: மூளைத் தூதுப் பொருள்களின் ஆய்வு வரலாறு

காரைநகரிலாயினும் கல்கத்தாவிலாயினும், ஒருவர் திடீரெனப் பிதற்றவோ வன்முறையில் இறங்கவோ தொடங்கினால் அதனைப் பேயின் வேலையென்றும் செய்வினையின் பயனென்றும் கொள்வது நமது சமூகங்களின் நெடுங்கால வழக்கமாகும். அவ்வழக்கின் அருகிலேயே, சித்தப்பிரமையை உடலின் நோயாகக் கருதி மூலிகை கொடுத்த மரபும் இருந்து வந்தது. பீகாரில் ‘பைத்திய மருந்து’ என்ற பெயராலேயே சர்ப்பகந்தியின் வேர் அறியப்பட்டிருந்தது. மனிதரின் நடத்தைக்கும் மூளையின் இரசாயனத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வேரின் துணையோடுதான் முதன்முதலில் தெளிவாகப் புலப்பட்டது.

1931 இல் கல்கத்தா மருத்துவர்களான கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர், இவ்வேர் வெறிகொண்ட நோயாளரை அமைதிப்படுத்துவதையும் குருதியமுக்கத்தைக் குறைப்பதையும் எழுதினர். அதே ஆண்டில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி அதிலிருந்து அல்கலொயிட்டுகளைப் பிரித்தெடுத்தார். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் 1949 இல் ஐம்பது நோயாளரிடம் கண்ட பயனைப் பிரித்தானிய ஏடொன்றில் வெளியிட்ட பின்னரே மேலைநாடுகள் விழித்துக்கொண்டன. 1952 இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரின் வீரியப் பொருளான றிசர்பைனைப் பிரித்தது.

ஆயின் அது மூளையில் யாது செய்கிறது? நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியைச் செய்தி கடப்பது பெரும்பாலும் தூதுப் பொருள்களின் வழியாகவே. செரற்றோனின், நோரட்ரீனலின், டோப்பமின் என்பன அத்தகையன. நரம்பு முனையிலுள்ள சிறு பைகளில் இவை சேமிக்கப்படுகின்றன. பைகளில் அவற்றைச் சேர்க்கும் புரதத்தை றிசர்பைன் முடக்கிவிடுகிறது. வெளியே தங்கிய பொருளை நொதியங்கள் சிதைக்கின்றன. களஞ்சியம் வெறுமையாகிறது. 1955 இல் அமெரிக்காவில் புரோடியின் ஆய்வுகூடத்தினர் செரற்றோனின் இவ்வாறு குறைவதைக் காட்டினர்.

அங்கு பயின்று சுவீடன் திரும்பிய ஆர்விட் கார்ல்சன் ஒரு படி மேலே சென்றார். றிசர்பைன் ஏற்றப்பட்ட முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. டோப்பமினை நேரே கொடுத்துப் பயனில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது கடவாது. அதன் முன்னோடியான டோப்பா கடக்கும். 1957 இல் அவர் டோப்பாவை ஏற்றியதும் சிறிது நேரத்தில் அவ்விலங்குகள் எழுந்து நடமாடின. மூளையை ஆராய்ந்தபோது நோரட்ரீனலின் மீளவில்லை, டோப்பமினே மீண்டிருந்தது. பார்க்கின்சன் நோயாளரின் மூளையில் டோப்பமின் குறைந்திருப்பதை 1960 இல் வியன்னாவில் ஏரிங்கரும் ஹோர்னிகீவிச்சும் கண்டனர். கார்ல்சனுக்கு 2000 ஆம் ஆண்டில் நொபெல் பரிசு கிடைத்தது.

இதே றிசர்பைன், குருதியமுக்கத்துக்காக அதனை உண்ட சிலரிடம் மனச்சோர்வை உண்டாக்கியதாகக் கூறப்பட்டமையால், தூதுப் பொருளின் குறைவே சோர்வு என்ற கருத்தும் பிறந்தது. அது அவசர முடிவு. பிற்கால ஆய்வுகள் அத்துணை எளிய சமன்பாட்டுக்கு இடந்தரவில்லை. வறுமையும் போரும் இழப்பும் வாட்டும் மனத்தை ஒரேயொரு பொருளின் அளவாகச் சுருக்குவது, பேயின்மீது பழி போடுவதைப் போன்றே சோம்பலான விளக்கமாகும்.

டோப்பா நமக்குப் புதியதன்று என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1937 இலேயே சென்னைப் பல்கலைக்கழக உயிரிரசாயன ஆய்வுகூடத்தில் தாமோதரனும் இராமசுவாமியும் பூனைக்காலி வித்திலிருந்து அதனைப் பிரித்தெடுத்திருந்தனர். மூளையின் களஞ்சியத்தை வெறுமையாக்கும் வேர் டெல்லியில். அதனை மீள நிரப்பும் வித்து சென்னையில். எனவே எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என மார்தட்டுவோர் உளர். அஃது உண்மையன்று. டோப்பமின் ஒரு தூதுப் பொருள் என அன்று உலகில் எவருமே அறிந்திலர். அதனை அறிவதற்கு, நுண்ணளவான பொருளையும் அதன் ஒளிர்வைக் கொண்டு அளக்கும் கருவி தேவைப்பட்டது. அக்கருவி புரோடி பணியாற்றிய அதே அமெரிக்க நிறுவனத்தில் 1950 களில் உருவாயிற்று. கார்ல்சன் அங்கு கற்று நாடு திரும்பியது அந்த அளவீட்டு முறையைத்தான். மருத்துவரும் இரசாயனவியலாளரும் கருவி செய்வோரும் ஒரே கூரையின் கீழ் கூடிய அத்தகைய ஆய்வுகூடம் குடியேற்ற ஆட்சியின் கீழிருந்த சென்னைக்கு வாய்க்கவில்லை.

பூனைக்காலிப் பொடி பார்க்கின்சன் நோயாளரிடம் முறைப்படி ஒப்புநோக்கப்பட்டது 2004 இல், இலண்டனில், எட்டுப் பேரிடம். வித்துக்கு வித்து டோப்பாவின் அளவு வேறுபடுவதால் அதனைத் தாமாக உண்பது இன்றும் ஆபத்தானதே.